ஆற்றில் இறங்கும் உப்பு

பெங்களூர் நகரம் ஒரு மேட்டின் முதுகில் அமைந்தது. அம்மேட்டின் கிழக்குச் சரிவில் ஓடும் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தட்சிண பினாகினியில் விழுகிறது. தட்சிண பினாகினி என்பது நமது தென்பெண்ணையே. மேற்குச் சரிவின் கழிவுநீர் விருஷபாவதி என்னும் ஓடையில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமம் என்ற இடத்தில் காவேரியை அடைகிறது. முன்னது கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து, இருமத்தூர் வழியே தர்மபுரி ஜில்லாவின் கீழ்ப்பாகத்தில் ஓடிச் சாத்தனூருக்குப் போகிறது. பின்னது மேகதாட்டைத் தாண்டி ஒகேனக்கல்லில் அருவியாக விழுகிறது. ஆக, ஒரே நகரத்தின் கழிவு ஒரே ஜில்லாவுக்குக் கிழக்கு வாசல் வழியாகவும் மேற்கு வாசல் வழியாகவும் வந்து சேருகிறது. இந்நிலைமையைத் தர்மபுரிவாசிகள் தாமே தேடிக்கொண்டதில்லை. பூமியின் வாட்டம் அப்படி. ஆனால் அந்தக் கழிவில் என்ன இருக்கலாம், எவ்வளவு இருக்கலாம், எந்தக் காலத்தில் இறங்கலாம் என்பவை பூமியின் வாட்டத்தைப் பொறுத்தவையல்ல. சர்க்கார் அதிகாரிகள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அனுமதியைப் பொறுத்தவை. அந்த அனுமதியைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

கெலவரப்பள்ளியில் மலைமலையாக நுரை பொங்குவது பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் படத்தோடு வரும் சமாசாரம். பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததோ உலகமெங்கும் பேசப்பட்டது. அந்த ஏரியின் பொருட்டு 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கர்நாடக சர்க்கார் 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டுமென்றும், அதன்மேல் 50 கோடி ரூபாயும் பெங்களூர் நகரசபை 25 கோடி ரூபாயும் தண்டம் செலுத்த வேண்டுமென்றும் உத்தரவிட்டது. நுரையையும் நாற்றத்தையும் கண்டு ஜனங்கள் சினங்கொள்வது நியாயமே. எனினும் நுரை கண்ணுக்குத் தெரிகிறது. நாற்றம் மூக்குக்குத் தெரிகிறது. உப்பு இரண்டுக்கும் தெரிவதில்லை. அதனாலேயே அதைப் பற்றிப் பேசுவோர் இல்லை.

சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் காரியம் தீர்ந்தது என்பது படித்தவர்களில் பெரும்பாலோரின் எண்ணம். நகரங்களின் சாக்கடை நீரைச் சுத்தி செய்யும் சாதாரண நிலையங்கள் மலினத்தைக் குறைக்கும், நாற்றத்தை அடக்கும், கிருமிகளையும் ஓரளவு ஒழிக்கும். நீரில் கரைந்திருக்கும் உப்பை அவை தீண்டுவதில்லை. உள்ளே போன உப்பு உள்ளபடியே வெளியே வருகிறது. தண்ணீர் ஒரு நகரத்தின் வழியாகச் செல்லும் ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்தும், சலவைத் தூளிலிருந்தும், மனிதர் உடலிலிருந்தும் உப்பை வாங்கிக்கொண்டே போகிறது. ஆலைகளைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. சாயமேற்றவும் தோல் பதனிடவும் உப்பு வேண்டும். உலோகத்துக்கு முலாம் பூசினாலும் கொதிகலனைக் கழுவினாலும் உப்பு மிஞ்சும். பெங்களூரின் கழிவுநீர் நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டருக்கு மேற்பட்டது. லிட்டருக்கு அரை கிராம் உப்பு என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு ஐந்நூறு டன் உப்பு அந்த மேட்டிலிருந்து இறங்குகிறதென்று ஏற்படும்.

இறங்கிய உப்பு எங்கே போகிறது? நதி நிறைய நீர் ஓடுங்காலத்தில் அது கடலுக்குப் போகும். மற்றக் காலத்தில் வயலுக்குப் போகும். வயலில் பாயும் தண்ணீரை வெயில் குடிக்கிறது, பயிரும் குடிக்கிறது, உப்பைப் பெரும்பாலும் இரண்டும் விட்டுவிடுகின்றன. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கர் நிலத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் பாய்ச்சினால், அந்த ஏக்கரில் நான்கு டன் உப்பைக் கொட்டியதாகும். ஒரு போக நெல்லுக்கு அவ்வளவு தண்ணீர் அதிகமன்று. மழை கொழிக்கும் சீமையில் மழையே அதைக் கழுவிவிடும். வறட்சிக்குப் பெயர்போன தர்மபுரியில் உப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் சில வருஷங்களில் விளைச்சல் சற்றுக் குறையும்; குடியானவர் விதையைக் குற்றஞ்சொல்வார், உரத்தைக் குற்றஞ்சொல்வார். பிறகு அவரையும் மாவும் வாடும். பிறகு மண் இறுகி, மேலே வெள்ளை பூத்து, களர் என்று பெயர் பெறும். அப்பொழுது மண்ணைப் பரிசோதித்துச் சீட்டு எழுதித் தருவதற்கு அதிகாரிகள் வருவார்கள்.

இந்த ஜில்லாவில் கிணற்று நீரும் ஜனங்களுக்கு நன்மை செய்ததில்லை. பாறையிலிருந்து கரையும் புளோரைடினால் பல்லும் எலும்பும் கெட்ட கிராமங்கள் இங்கே அநேகம். அதன் பொருட்டே ஜப்பான் தேசத்துக் கடனுதவியைக் கொண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-ல் ஆரம்பித்து வைக்கப்பட்டது. நிலத்தடி நீருக்குப் பயந்து நதி நீருக்கு வந்தவர்கள் நாம். நதி நீரும் கெடுமாயின் அடுத்தபடியாக எதை நாடுவது?

உப்பு ஒரு பிராந்தியத்தை என்ன செய்யும் என்பதை அறியத் தமிழர் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. காவேரியில் கலக்கும் நொய்யலைப் பார்த்தால் போதும். அந்நதியின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை திறந்து வைக்கப்பட்டது. கீழேயுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் அதனால் பாசனம் பெற வேண்டுமென்பது திட்டம். அணைக்கு மேலே திருப்பூர். பனியன் வியாபாரம் பெருகப் பெருகச் சாயப்பட்டறைகள் பெருகின. சாயம் துணியில் ஏறுவதற்காக இட்ட உப்பெல்லாம் நொய்யலில் இறங்கிற்று. சில வருஷங்களுக்குள் அணை, கழிவுநீர்த் தொட்டியாயிற்று. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் சர்க்காரிடம் முறையிடுவதை நாம் கண்டிருக்கிறோம். திறந்துவிடாதேயுங்கள் என்று ஆயக்கட்டுக்காரர்களே மன்றாடிய அணை அது. 1990-களின் இறுதியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. கழிவின் நிறம் வெளுத்தது; மலினம் குறைந்தது; உப்பு மாத்திரம் குறையவில்லை. அந்நிலையங்கள் அதற்காக அமைக்கப்பட்டவையே அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததைக் கழுவிவிட்டுத் தெரியாததை ஆற்றில் விட்டார்கள்.

பின்பு நடந்தவை கோர்ட்டு விவகாரங்கள். வேலூர்த் தோல் ஷாப்புகளைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி நஷ்டஈடு மதிப்பிடுவதற்கு ஓர் அதிகார சபை ஏற்பட்டது. அச்சபை நொய்யல் கரையையும் விசாரித்து, 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2004-ல் கணக்கிட்டது. தலைக்குப் பங்கிட்டால் ஒன்பதாயிரம் ரூபாய் வராது. பரம்பரை நன்செய்யைக் களராக்கிக் கொடுத்ததற்கு விலை அது. 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு லிட்டருக்கு இத்தனை பைசா என்று தண்டம் விதித்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பட்டறைக்காரர்களின் அப்பீலை நிராகரித்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடலாகாது என்ற நிபந்தனையை உறுதி செய்தது. அதுவும் நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28-ந் தேதி ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை எல்லாம் மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் அடைபட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்து நின்றனர். முதலில் குடியானவன் அழிந்தான். பிறகு தொழிலாளி தெருவில் நின்றான். அங்கே நடந்த பட்டறைகள் எல்லாம் திருட்டுத்தனமாக நடந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிச் சீட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவையும் அவற்றில் உண்டு. சீட்டு இருந்தும் நதி செத்தது எவ்வாறு என்பதே கேள்வி.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் எந்த தஸ்தாவேஜையும் ஷரத்து ஷரத்தாகப் படிப்பது வழக்கம். இந்தச் சீட்டையும் அவ்வாறே படித்துப் பார்ப்போம். 1974-ம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டத்தின் 25-வது செக்ஷன் பிரகாரம், வாரியத்தின் இசைவு இல்லாமல் எவரும் ஆற்றிலோ நிலத்திலோ கழிவுநீரை விடலாகாது. இசைவு கொடுக்கையில் வாரியம் நிபந்தனைகள் விதிக்கும். உப்பைப் பற்றித் தமிழ்நாட்டு வாரியம் விதித்துவரும் நிபந்தனை, கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது. பார்வைக்கு இது கண்டிப்பான ஷரத்தாகத் தோன்றும். ஆனால் அது ஒரு லிட்டரைப் பற்றிப் பேசுகிறது. ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவை இந்த நிபந்தனைக்கு உட்பட்டே விடும் ஆலைகளை எடுத்துக்கொள்வோம். அவை ஒரு நாளில் 21 டன் உப்பை, சட்டத்தை மில்லிகிராம் அளவும் மீறாமல், நதியில் கொட்டலாம். ஆலைகள் இரட்டித்தால் 42 டன். ஒவ்வொரு சீட்டும் சரியானது. எல்லாச் சீட்டும் சேர்ந்து ஆற்றைக் கொல்லும். கூட்டிப் பார்க்க வேண்டிய கடமை ஒருவருக்கும் இல்லை.

அந்த 2,100 என்னும் எண்ணையும் சற்று உற்று நோக்குவோம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பாசன நீரைப் பற்றி 1985-ல் வெளியிட்ட கணக்கின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரையில் பயிருக்குப் பயமில்லை. அதற்குமேல் எச்சரிக்கை வேண்டும். 2,000-க்கு மேற்பட்டால் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் பாய்ச்ச வேண்டும். நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாசனத்துக்கு ஏற்ற நதி நீர் எதுவென்று வகுத்திருக்கும் அளவும் உப்புக் கணக்கில் சுமார் 1,450 மில்லிகிராமைத் தாண்டாது. அப்படியிருக்க 2,100-க்கு அனுமதி எப்படிக் கொடுக்கலாம்? அதற்குச் சமாதானம் ஒன்று உண்டு. கழிவு ஆற்றில் விழுந்ததும் ஆற்று நீர் அதைக் கரைத்துக் குறைத்துவிடும் என்பதே அது. ஜீவநதிகள் ஓடும் தேசத்தில் அந்தச் சமாதானம் செல்லும். சித்திரை மாதத்துத் தென்பெண்ணையைப் பார்த்தவர்கள் அதை எப்படி ஒப்புவார்கள்? மழை ஓய்ந்த மாதங்களில் அந்த ஆற்றுக்குச் சொந்தத் தண்ணீர் ஏது? மேலிருந்து வரும் கழிவே ஆறு. கழிவைக் கரைப்பதற்குக் கழிவுதான் இருக்கிறது. ஆறு இருப்பதாகக் கருதி எழுதப்பட்ட சீட்டு, ஆறு இல்லாத காலத்திலும் செல்லுபடியாகிறது. இந்த முறையின் மூலக் குற்றம் இதுவென்பது நமது அபிப்பிராயம்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில் ஹண்டர் என்று ஒரு நதி. அதன் கரையில் நிலக்கரிச் சுரங்கங்களும் மின்சார நிலையங்களும் ஒருபுறம். விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரரும் மற்றொருபுறம். சுரங்கத்து உப்பு நீரைப் பற்றி இவ்விரு திறத்தாருக்கும் ஓயாத தகராறு. 1995-ல் அங்கே ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 2002-ல் அதற்குச் சட்ட அந்தஸ்து அளித்தார்கள். அந்த ஏற்பாடு லிட்டரிலிருந்து தொடங்குவதில்லை, நதியிலிருந்து தொடங்குகிறது. இன்ன ஊரில் நதி நீரின் உப்பு இன்ன அளவைத் தாண்டலாகாது என்று முதலில் நிர்ணயம். உப்பு மிக மிகத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும் ஆகையால், கருவி வைத்து அதை இடைவிடாது அளக்கலாம். சிங்கிள்டன் என்ற ஊரில் அந்த அளவு 900. மேலே டென்மன் என்ற ஊரில் 600. பிறகு நதியில் அன்றன்று ஓடும் நீரைப் பார்க்கிறார்கள். நீர் குறைந்திருந்தால் ஒருவரும் ஒரு துளி உப்பு நீரும் விடக் கூடாது. நீர் பெருகினால், அந்தப் பெருக்கு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அந்த மொத்தத்தை ஆயிரம் பங்காக வகுக்கிறார்கள். எத்தனை பங்கு வைத்திருக்கிறாரோ அத்தனை பங்கு உப்பை ஒருவர் அன்று விடலாம். வெள்ளம் புரளும்போது கட்டு தளர்கிறது. அப்பொழுதும் நிர்ணயித்த அளவு மீறக் கூடாது. பங்கு வேண்டியவர் வைத்திருப்பவரிடம் வாங்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இருநூறு பங்குகள் காலாவதியாகி ஏலத்துக்கு வருகின்றன. இன்று நதி என்ன நிலையில் இருக்கிறது, யார் எவ்வளவு விடலாம் என்பதெல்லாம் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன.

இதைக் கேட்டவுடன், அப்படியே நமது நாட்டுக்கும் கொண்டுவந்துவிடலாம் என்று சிலர் துள்ளுவார்கள். நமக்கு அவ்வளவு உற்சாகமில்லை. உப்பு விடும் உரிமையைச் சரக்காக்கிச் சந்தையில் விற்பது, அளவும் காவலும் கண்டிப்பாக உள்ள இடத்தில்தான் நடக்கும். மீட்டரைத் திருப்பி வைப்பதும் இரவில் வாய்க்காலைத் திறந்துவிடுவதும் கைவந்த கலையாயிருக்கும் இடத்தில், பங்கு வியாபாரம் பணமுள்ளவருக்குப் பாவமன்னிப்புச் சீட்டாகவே முடியும். மேலும் ஹண்டர் நதியைக் கரையிலுள்ள ஒரே ராஜ்யம் ஆளுகிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்தில் பிறந்து தமிழ்நாட்டில் முடிகிறது. ஆகையால் ஏலமும் விற்பனையும் அவர்களோடு இருக்கட்டும். அந்த ஏற்பாட்டின் சாரமாகிய மூன்று விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளத் தடையொன்றுமில்லை: ஆற்றுக்கு மொத்த அளவு, வறண்ட காலத்துக்குப் பூட்டு, எல்லாக் கணக்கும் வெளிச்சத்தில்.

திருப்பூர் ஆலைகளுக்கு விதித்தது போல, ஒரு சொட்டும் விடாதே என்று எல்லோருக்கும் உத்தரவிட்டால் என்ன என்று கேட்கலாம். உப்பு மிகுந்த ஆலைகளுக்கு அதுவே தக்கது. ஆனால் அதிலும் மின்சாரச் செலவு மிகுதி. வற்றக் காய்ச்சியபின் மிஞ்சும் கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழை பட்டால் அது மறுபடி நீரோடு போகும். ஒரு மாநகரத்தின் சாக்கடைக்கோ அந்த உத்தரவு நடவாத காரியம். பெங்களூரின் கழிவில் ஒரு பகுதியைச் சுத்தி செய்து 2018 முதல் கோலார் ஜில்லாவின் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். அதனால் தென்பெண்ணைக்கு வரும் நீரின் அளவும் மாறும், உப்பு போய்த் தங்கும் இடமும் மாறும். நதியை முன்வைத்து மொத்தக் கணக்கு எழுதினாலொழிய இவற்றையெல்லாம் ஒரே பார்வையில் காண முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமென்று யாரும் காலங்கடத்த வேண்டாம். கழிவின் தன்மை, சேர்மானம் இவற்றோடு அதன் அளவையும் வேகத்தையும் குறித்து நிபந்தனை விதிக்க 25-வது செக்ஷனே அதிகாரம் தருகிறது. அவ்வப்போது நிபந்தனைகளைப் புனராலோசனை செய்ய 27-வது செக்ஷன் இடம் தருகிறது. இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரையில், அணைக்கு வரும் நீர் இத்தனை கன அடிக்குக் குறைந்தால் வெளியேற்றம் நிறுத்தப்பட வேண்டும் என்று ஒரே வரியைச் சீட்டில் சேர்ப்பதற்கு வாரியத்தின் கையைக் கட்டியிருப்பது ஒன்றுமில்லை. இன்னும் சொல்வோம். அடுத்தடுத்த ராஜ்யங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்கலாம் என்று அதே சட்டத்தின் 13-வது செக்ஷன் சொல்லுகிறது. ஐம்பது வருஷமாக அந்த ஷரத்து புஸ்தகத்தில் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அப்படியொரு வாரியம் பிறக்கவில்லை. மேலே அனுமதி கொடுப்பவர் ஒருவர், கீழே அதை அனுபவிப்பவர் வேறொருவர் என்ற நிலைமை தீர இதைவிட நேரான மார்க்கம் வேறில்லை.

இரு ராஜ்யங்களும் நதிகளைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக வழக்காடி வருகின்றன. 1892-ம் வருஷத்து மைசூர்-சென்னை உடன்படிக்கையின் ஜாபிதாவில் தென்பெண்ணையின் பெயரும் இருக்கிறது. அவ்வுடன்படிக்கை புதிய பாசன வேலைகளைப் பற்றியது. தென்பெண்ணையின் கிளையாகிய மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. நடுவர் மன்றத்தை நாடலாம் என்று 2019 நவம்பரில் கோர்ட்டு கூறியது. அந்த விவகாரம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, எத்தனை கன அடி என்று கேட்கும் தமிழ்நாட்டு சர்க்கார், எத்தனை மில்லிகிராம் என்றும் கூடவே கேட்க வேண்டும். காவேரி விஷயத்தில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 2007-ல் காவேரி நடுவர் மன்றம், குடிநீருக்காக எடுக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகிறது, மற்ற நான்கு பங்கும் திரும்புகிறது என்று வைத்துக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு பெங்களூரின் தாகத்துக்காக 4.75 டி.எம்.சி. அதிகமாக அளித்தது. திரும்பும் அந்த நான்கு பங்கு என்ன தண்ணீர்? காவேரியில் எடுத்தது குடிக்கத் தக்க நீர். அர்க்காவதியில் திரும்புவது சாக்கடை. சட்டத்தின் தராசில் மாத்திரம் இரண்டும் ஒரே எடை.

நியாயம் பேசுகையில் நமது முற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூரின் ஆலைகளுக்கு அனுமதி கொடுப்பது பெங்களூர் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்களின் சாக்கடைக்கும் கர்நாடகம் ஜவாப்தாரி அல்ல. தர்மபுரிக்குக் கீழே சாத்தனூர் ஆயக்கட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமே மேட்டுக்காரர்கள். நல்லம்பள்ளி தாலூகாவில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டும் வாலிபர்கள் நிறைந்த ஜில்லாவில் தொழிற்சாலை வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அங்கே கொடுக்கும் முதற் சீட்டிலேயே உப்பின் மொத்த அளவு எழுதப்பட வேண்டும். நூறு ஆலைகள் வந்தபின் எழுதுவோம் என்றால், அது எழுநூறு பட்டறைகளை ஒரே நாளில் மூடிய கதையாகத்தான் முடியும். பெங்களூரை நோக்கி நாம் கேட்பதை நல்லம்பள்ளியில் நாமே செய்து காட்டினால், நமது கேள்விக்கு வலிமை உண்டாகும்.

தொழிலதிபர்கள், இத்தகைய நிபந்தனைகள் தொழிலை ஓட்டிவிடும் என்பார்கள். திருப்பூரில் தொழிலை நிறுத்தியது நிபந்தனையன்று. பல வருஷம் நிபந்தனை இல்லாதிருந்ததே. மழைக்காலம் வரை உப்பு நீரைத் தேக்கி வைக்கத் தொட்டி கட்டுவது செலவுதான். அந்தச் செலவை இன்று யார் தாங்குகிறார்கள்? கிணறு கெட்டு, வேறிடத்தில் ஆழ்குழாய் போட்டு, அதுவும் கெட்டு, கடன்பட்டு நிற்கும் குடியானவர் தாங்குகிறார். ஆலையின் கணக்குப் புஸ்தகத்தில் அந்தக் கடன் ஏறுவதில்லை, அவ்வளவே. 1930-ல் வேதாரணியத்தில் ஒரு பிடி உப்பை அள்ளியதற்காகத் தேசத்தொண்டர்கள் சிறை சென்றார்கள். அவர்களை நடத்திச் சென்ற ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஓசூர்ப் பக்கத்துக் கிராமமே. கடலிலிருந்து அள்ளிய ஒரு பிடி உப்புக்குக் கணக்கும் வரியும் தண்டனையும் இருந்தன. ஆற்றில் கொட்டும் டன் கணக்கான உப்புக்கு இன்று மொத்தக் கணக்கே கிடையாது.

இனி ஊழியர்கள் செய்யத்தக்க வேலையைச் சொல்கிறோம். முற்கூறிய 25-வது செக்ஷனின் ஆறாம் உட்பிரிவு பலருக்குத் தெரியாதது. வாரியம் தான் விதித்த நிபந்தனைகளை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கழிவினால் பாதிக்கப்படும் எவரும் தகுந்த நேரத்தில் அதைப் பார்வையிடலாம். இது கருணையன்று, உரிமை. இருமத்தூரிலும், அனுமன்தீர்த்தத்தின் எதிர்க்கரையிலும், பென்னாகரத்திலும் உள்ள விவசாயிகள் சங்கங்கள் வாரியத்தின் காரியாலயத்துக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். ஒவ்வொரு சீட்டிலும் கண்ட கழிவின் அளவை உப்பின் அளவால் பெருக்கி, வரிசையாக எழுதிக் கூட்டட்டும். பள்ளிக்கூடத்துப் பையன் போடக்கூடிய கணக்கு அது. நீரின் மின்கடத்தலைக் கொண்டு உப்பை அளக்கும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை ஆற்றிலும் இரண்டு கிணற்றிலும் அளந்து, தேதியோடு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதி வைக்கட்டும். ஒரு வருஷக் கணக்குக் கையிலிருந்தால், கோர்ட்டிலும் சட்டசபையிலும் அதைத் தட்டிப் பேச ஒருவராலும் இயலாது. மார்ச் 22-ந் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, நமது ராஜ்யத்தில் கிராம சபைகள் கூடுகின்றன. ஆறு வற்றத் தொடங்கும் பருவம் அது. தென்பெண்ணைக் கரையிலும் காவேரிக் கரையிலுமுள்ள ஒவ்வொரு சபையும் அன்றைக்கு அளந்த எண்ணைத் தீர்மானத்தின் தலைப்பில் எழுதி, கோடையில் உப்புக் கழிவுக்குப் பூட்டுப் போட வேண்டுமென்றும், 13-வது செக்ஷன்படி கூட்டு வாரியம் அமைக்க வேண்டுமென்றும் இரு சர்க்கார்களுக்கும் அனுப்ப வேண்டும். அத்தீர்மானங்களின் நகல்களை நமக்கும் அனுப்பினால், ஊரின் பெயரோடும் எண்ணோடும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.